கம்பெனிக் கூரையில் விழும் வெயில்



‘பெட்ரோலுக்கு மாற்று வெயிலா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சுக்கு நம் காவேரிப்பாக்கம் ஏற்ற இடம். பக்கத்துப் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்க் கார் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் வரை தயாரிப்பது இலக்கு. மின்சாரக் கார்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. ராணிப்பேட்டையில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் 2021 முதலே தயாராகிறது. ஆக, வண்டி நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. அதற்கு ஏற்றும் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான் நாம் இன்னும் பேசவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தோல் தொழில் பூமியில் வெயிலால் ஓடும் வண்டி, சோலார் தகடு ஒட்டிய காராக வராது. ஷூ கம்பெனியின் கூரையில் தகடு, அதன் நிழலில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் என்றுதான் வரும்.

சோலார் கார் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது, மேல்தளம் முழுக்கத் தகடு பதித்த கார். அது வெறும் கற்பனை இல்லை. 1987-இல் ஆஸ்திரேலியாவை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் சோலார் கார் பந்தயம் தொடங்கி, ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் வென்றது. ஆனால் அது ஒற்றை ஆள் படுத்தபடி ஓட்டும் வண்டி. குடும்பம் ஏறும் காருக்குக் கணக்கு வேறு. ஒரு சின்னக் காரின் மேல்தளம் மூன்று சதுர மீட்டர் தேறும். அதில் பதிக்கும் தகடு உச்சி வெயிலில் 600 வாட் தரலாம். நல்ல வெயில் நாளில் இரண்டரை யூனிட் கிடைத்தால் அதிகம். அதை வைத்துப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் போகலாம்; புளியமர நிழலில் நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை. புனேயின் ‘ஈவா’ சோலார் காரைச் செய்தவர்களே, தகட்டால் மட்டும் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் வரைதான் என்கிறார்கள். ஐரோப்பாவில் இதே கனவோடு வந்த லைட்இயர் நிறுவனம் 2023 ஜனவரியில் நொடித்தது. சோனோ மோட்டார்ஸ் அடுத்த மாதமே தன் சோலார் காரைக் கைவிட்டது. பெய்கிற மழையை அவரவர் குடையில் பிடித்து யாரும் பாசனம் செய்வதில்லை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வெட்டி, நம் பெரிய ஏரியில் தேக்கித்தான் வயலுக்கு விட்டார்கள். வெயிலையும் அகலமான இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அகலமான இடம் எங்கே இருக்கிறது? ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல், ஷூ கம்பெனிகளின் கூரைகளைப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் தகரமும் சிமென்ட் ஷீட்டும் காய்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கம்பெனிகளின் வண்டி நிறுத்தத்தையும் பாருங்கள். காலை ஷிப்ட்டுக்கு வந்த ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். சாயங்காலம் மணி அடித்து வெளியே வரும் பெண், சீட்டில் கை வைக்க முடியாமல் துப்பட்டாவை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். வெயில் அடிக்கும் எட்டு மணி நேரமும் வண்டி அசையாமல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சார்ஜ் ஏற்ற அதுதானே நேரம்? நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரி நாலு யூனிட் தரும். அதற்கு நூறு சதுர அடி போதும். போக வர நாற்பது கிலோமீட்டர் ஓடும் மின்சார ஸ்கூட்டருக்குத் தேவை ஒன்றேகால், ஒன்றரை யூனிட். பத்தாயிரம் சதுர அடிக் கூரை நாளுக்கு 400 யூனிட் தரும். அதில் கால்பங்கைத் தொழிலாளர் வண்டிகளுக்கு விட்டால்கூட அறுபது, எழுபது ஸ்கூட்டர் ஓடும்; மீதி கம்பெனியின் மிஷின்களுக்கே. அதே நாற்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டியில் தொண்ணூறு ரூபாய் போகிறது. மாதம் இருபத்தைந்து வேலை நாள் என்று பெருக்கிப் பாருங்கள். ஷூ தைப்பவரின் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்பது நான் சொல்லாமலே தெரியும். நாட்டுக்கும் இதே நிலைதான். நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களை நான் தள்ளிவிட மாட்டேன். ‘நம் கரண்ட்டே நிலக்கரியில்தானே வருகிறது, புகையை ஊர் மாற்றி விடுகிறீர்கள்’ என்கிறார்கள். பாதி உண்மை. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார், கிலோமீட்டருக்கு 150 கிராம் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். அந்தக் கரண்ட்டிலேயே ஓடினாலும் மின்சாரக் காருக்குக் கணக்கு 100 கிராமில் நிற்கிறது. காரணம், பெட்ரோல் இன்ஜின் தின்னும் எரிபொருளில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெறும் சூடு. கூரைத் தகட்டிலிருந்து ஏற்றினால் அந்த 100 கிராமும் பெருமளவு குறையும். ‘ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?’ என்றால், அன்றைக்கு மின்வாரியக் கம்பி இருக்கிறது. தகடு கம்பியை அறுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. ‘விளைநிலத்தையெல்லாம் தகடு விழுங்கிவிடாதா?’ என்பது விவசாயியின் பயம், நியாயமான பயம். அதனால்தான் நான் கூரையைச் சொல்கிறேன். ஏரிப் பாசன நிலத்தில் ஒரு குழியைக்கூடக் கேட்கவில்லை.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. அது பேட்டரிக் கழிவு. வேறு ஊர்க்காரருக்கு இது பத்தோடு பதினொன்று, நமக்கு அப்படியில்லை. தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது, பாலாற்றைக் கெடுத்தும் விட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் சட்டப் படிப்பில் இன்றும் வேலூரின் பெயரால் அந்தப் பாடம் நடக்கிறது. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காகவும் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்து வைத்துவிட்டுப் போனது. லாபம் வரும்போது யாரும் கழிவைக் கேட்கவில்லை. கேட்டபோது கிணறு கெட்டுவிட்டது. ஆகவே பேட்டரிக்கு முதல் நாளே கேட்போம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற நிறுவனமே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நமக்கு வர வேண்டும். இப்போது வரும் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை என்பதும் ஒரு ஆறுதல். இவ்வளவுக்குப் பிறகும் கழிவு மிஞ்சும். ஆனால் எரிந்த பெட்ரோலைத் திரும்பப் பிடிக்க முடியாது. செத்த பேட்டரியைத் திரும்ப வாங்க முடியும்.

கடைசியாக, பிழைப்பு. இன்ஜின் பிரித்துக் கோர்க்கும் மெக்கானிக்கும் பங்க்கில் நிற்கும் பையனும் இந்த மாற்றத்தில் இழப்பார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. வாலாஜா, ஆற்காடு மெக்கானிக்குகளுக்கு மோட்டாரும் பேட்டரியும் பழுது பார்க்கப் பயிற்சி தரும் பொறுப்பு, இங்கே நிலமும் தண்ணீரும் வாங்கும் வாகன நிறுவனங்களுக்கு உண்டு.

எனவே மூன்று கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து வைக்கிறேன். கம்பெனி முதலாளிகள், தங்கள் கூரையில் விளையும் கரண்ட்டில் ஒரு பங்கைத் தொழிலாளரின் வண்டிக்கு விட வேண்டும். பேரூராட்சி, தன் கட்டடங்களின் கூரையில் தகடு போட்டு, நெடுஞ்சாலை ஓரம் பொது சார்ஜ் நிலையத்துக்கு இடம் தர வேண்டும். வண்டி வாங்கப் போகிற நீங்கள், விலையைக் கேட்கும் அதே வாயால் ‘பேட்டரி செத்தால் எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்? எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.