புகையும் பேரமும்



ஒருவர் தம் இடத்தில் தொழில் செய்கிறார். அண்டை வீட்டாருக்கு அது இடைஞ்சலாகிறது. யாரைத் தடுப்பது? லண்டன் மாநகரில் 1879ஆம் ஆண்டில் இப்படியொரு வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. மிட்டாய் செய்பவர் ஒருவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் சமையற்கட்டில் இரண்டு பெரிய உரல்களை வைத்து இடித்து வந்தார். பின்புறத்து வீட்டுக்கு வந்த மருத்துவர், தம் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையற்கட்டை ஒட்டியே நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டிக்கொண்டார். உலக்கைச் சத்தத்தில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை! வழக்கு மருத்துவருக்கே வெற்றியாயிற்று.

ரொனால்ட் கோஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1960இல் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கை ஆராய்ந்தார். சத்தம் மருத்துவரைக் கெடுப்பது மெய். உரலை நிறுத்தினால் மிட்டாய்க்காரர் கெடுவதும் மெய்யே. உரிமை இன்னாருடையது என்று தெளிவாகிவிட்டால், பேரம் பேசுவதற்குச் செலவும் இல்லையானால், இருவரும் தாமே பேசி முடித்துக்கொள்வர். எவருக்கு இழப்பு மிகுதியோ அவர் தொழில் நடக்கும். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பதைத்தான் தீர்ப்பு மாற்றும். 1991இல் நோபல் பரிசு பெற்ற இவ்வறிஞரைப் பலர் பாதியளவே படித்திருக்கிறார்கள். உண்மை உலகில் பேரத்துக்குச் செலவு உண்டென்பதே அவர் வற்புறுத்திய செய்தி.

தலைநகரில் வாழும் நம்மவர் இதை மூச்சிலேயே அறிவர். குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே கவியும் புகைக்கு வண்டிகளும் ஆலைகளும் காரணமாயினும், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரிக்கப்படும் அரிதாளும் ஒரு காரணம். நெல்லை இயந்திரம் அறுத்தபின் வயலில் நிற்கும் தாளை, கோதுமை விதைப்பதற்குள் அகற்றியாக வேண்டும். இடையே உள்ளவை சில வாரங்களே. தீக்குச்சியைவிட மலிவான கருவி உழவரிடம் இல்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாபில் வந்த சட்டம், ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நடவு கூடாதென்றது. நீரைக் காத்த விதி அறுவடையைத் தள்ளிப்போட்டு, அவகாசத்தை மேலும் சுருக்கிற்று.

லண்டனில் இருவர், இங்கே ஒருபுறம் லட்சக்கணக்கான உழவர், மறுபுறம் கோடிக்கணக்கில் மூச்சு விடுவோர். யார் யாரோடு பேசுவது? அடுத்தவர் கொடுக்கட்டுமே என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவர். எனவே நகரத்தார் சார்பில் அரசுதான் பேரம் பேச வேண்டும். எரிக்காத சிறு உழவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் கட்டளையிட்டது. அபராதத்தினும் இது நல்ல வழியென்பது என் கருத்து. ஆயினும் அறுவடை முடியும் தறுவாயில் வரும் பணத்தால் பயனில்லை. தாளை அகற்றும் இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்க, உழவர் கையில் அது அக்டோபருக்கு முன்பே இருக்க வேண்டும். எந்த வயலில் தீ வைக்கவில்லை என்று ஊர் ஊராகப் பார்த்துச் சான்றளிக்க ஆள் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.