யார் மனம் பக்குவப்பட வேண்டும்?

(கருத்தரங்கப் பேச்சின் எழுத்து வடிவம்)



பெண்கள் போர்முனைக்குப் போகலாமா என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உடல் பலம், தாய்மை, எதிரி கையில் சிக்கினால் என்னாவது என்றெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. நான் ஒரே ஒரு வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏன்னா, அது நமக்கு ரொம்பப் பழகிய குரல்.

பெண் அதிகாரிகளுக்கு ராணுவத்தில் நிரந்தரப் பணி கேட்ட வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இது: சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெண்ணின் தலைமையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை. 2020 பிப்ரவரி 17ல் நீதிமன்றம் இதைத் தள்ளியது. ஆனால் போர்ப் பிரிவுகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. 2016ல் பெண்கள் போர்விமானம் ஓட்ட வந்தார்கள். 2023ல் பீரங்கிப் படைக்கு வந்தார்கள். காலாட்படைக் கதவும் டாங்கிப் படைக் கதவும் சாத்தியே கிடக்கின்றன.

இந்தக் குரலை எங்கே கேட்டோம்? 1818ல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்துச் செத்த மகார்களின் பேரப்பிள்ளைகளை, 1892ல் வெள்ளைக்காரன் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். சில சாதிகளுக்கு மட்டும் 'போர்க்குடி' என்று முத்திரை குத்தினான். மேல்சாதிச் சிப்பாய் மகாரோடு சமமாக நிற்கமாட்டான் என்பதும் கணக்கில் சேர்ந்தது. 1917ல், உலகப் போரில் ஆள் பற்றாமல் போனதும் மகார் படையணி ஒன்றைத் திரட்டினான். சண்டை முடிந்தபின் 1921ல் கலைத்தான். உயிரைக் கொடுக்கும்போது தீட்டு இல்லை, சம்பளம் வாங்கும்போதுதான் தீட்டு!

மூடியது துப்பாக்கிக் கதவு மட்டுமல்ல. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி, சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்தப் படைமுகாம் கொடுத்த படிப்பும் பென்ஷனும் அடுத்த தலைமுறைக்கு இல்லாமல் போனது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்றேன்: நம்மாளு கூரைவீட்டை ஓட்டுவீடாக்கியதும், புள்ளையப் படிக்க வச்சதும் ராணுவப் பென்ஷன் பாஸ்புத்தகத்தில் தெரியும். எங்கள் கிளையில் பெண் பெயரில் நான் பார்த்ததெல்லாம் குடும்பப் பென்ஷன்தான். புருஷன் செத்த பிறகு வருவது.

ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "2004ல் மணிப்பூரில் அசாம் ரைபிள்ஸ் பிடித்துப்போன மனோரமா பிணமாகக் கிடந்தாள். தாய்மார்கள் காங்லா கோட்டை வாசலில் நிர்வாணமாக நின்றார்கள். அப்படிப்பட்ட படையிலா நம்ம பொண்ணுங்களைச் சேர்க்கச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. பெண் சேர்ந்ததால் எந்தப் படையும் யோக்கியமாகிவிடாது. அந்தப் போராட்டத்தை விடவே கூடாது. ஆனால் இதே கேள்வியை ராணுவத்துக்குப் போன நம் அண்ணன் தம்பிகளிடம் கேட்டோமா? வாசலில் நிறுத்தப்பட்டவளிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

இன்னொன்று. அதிகாரியாகப் போகிறவள் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பெண். சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியது சிப்பாய் வேலை. தரைப்படையில் அதற்குத் திறந்த வழி ராணுவப் போலீஸ். 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021ல்தான் பயிற்சி முடித்தது. எனவே அதிகாரி பதவியோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது.

தேர்வு வைக்கட்டும். ஓடச் சொல்லட்டும், சுமை தூக்கச் சொல்லட்டும். வேலைக்கு எது தேவையோ அதை எல்லோருக்கும் ஒன்றாக வைக்கட்டும். தோற்றவள் திரும்பி வரட்டும். ஆனால் அடுத்தவன் மனசு பக்குவப்படலைன்னு சொல்லி அவளை வாசலில் நிறுத்தாதே. டீக்கடை பெஞ்சில் உட்கார, ஊரான் மனம் கனியட்டும் என்று நாம் காத்திருக்கவில்லை. முதலில் உட்கார்ந்தோம். பக்குவப்பட வேண்டியது அவன் பாடு.

ஜெய்பீம்.