நெடுஞ்சாலையில் ரீங்கரிக்கும் கார்



நமது தோட்டங்களில் ஒரு குடும்பம் கார் வாங்குகிறது என்றால், அது பெரும்பாலும் முன்பே பிறர் ஓட்டிய காராகத்தான் இருக்கும். அந்தக் கார்தான் முதியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறது. பிள்ளைகளை விடுதியில் கொண்டுபோய் விடுகிறது. தைப்பூசத்தன்று குடும்பத்தைப் பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ சுமந்து செல்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் மெல்ல ஓடும் வரை அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், வண்டு பறப்பது போல "ம்ம்ம்..." என்று ஓர் ஓசை எழுகிறது. வேகம் கூடக் கூட அந்த ஓசையும் கூடுகிறது. வேகம் குறைந்தால் அடங்கிவிடுகிறது.

இந்த ஓசையைக் கேட்டதும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "பழைய காடி என்றால் சத்தம் போடத்தானே செய்யும்" என்று வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறோம். அல்லது, யாரோ சொன்னார்கள் என்று நான்கு டயர்களையும் மாற்றிவிட்டு, ஓசை அப்படியே இருப்பதைக் கண்டு திகைக்கிறோம். முதலாவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது உழைத்துச் சேர்த்த பணத்துக்கு நட்டம். இந்த இரண்டையும் தவிர்க்க, ஓசை எங்கிருந்து வருகிறது என்று நாமே ஓரளவு கண்டறிவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், மெல்லப் போகும்போது கேட்காத ஓசை வேகமாகப் போகும்போது மட்டும் ஏன் கேட்கிறது? வீட்டிலுள்ள தையல் யந்திரத்தை எண்ணிப் பாருங்கள். மெதுவாக மிதித்தால், ஊசி ஒவ்வொரு முறை இறங்குவதும் தனித்தனியே "டக், டக்" என்று கேட்கும். வேகமாக மிதித்தால் அந்தச் சிறு ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே முழக்கமாகிவிடும். காரின் சக்கரமும் அப்படித்தான். 13 அங்குல ரிம்மில் பொருந்தும் 175/70 அளவு டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 1500 மீட்டர் ஓடவேண்டும். அதாவது, சக்கரம் ஒரு நிமிடத்தில் சுமார் 830 முறை சுற்றுகிறது. சக்கரத்திலோ டயரிலோ சிறு பழுது இருந்தாலும், அது இத்தனை முறை தட்டும்போது நம் காதில் ரீங்காரமாக விழுகிறது.

ஓசையைத் தேடும் வேலையைக் கார் ஓட்டுபவர் தனியாகச் செய்யக்கூடாது. அவருடைய கவனம் சாலையில்தான் இருக்கவேண்டும். உடன் வருபவர் ஒருவர் முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் மாறி உட்கார்ந்து கேட்கட்டும். இருக்கை மாறுவதற்குக் காரை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓசை முன்புறமா, பின்புறமா, இடமா, வலமா என்று கவனித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். வாகன நெரிசல் இல்லாத நேரத்தில், அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள், காரில் அதிகம் பேரை ஏற்றாமல் இதைச் செய்யவேண்டும். நாம் விடை காணவேண்டிய கேள்விகள் நான்கு.

முதற் கேள்வி: சாலையின் தளம் மாறும்போது ஓசையும் மாறுகிறதா? பழைய சொரசொரப்பான தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு மாறும்போது, ஓசை சட்டென்று குறைந்தாலோ அதன் சுருதி மாறினாலோ, டயரைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். தளம் எதுவாயினும் ஓசை மாறாமல் இருந்தால் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஓசை என்ஜினைப் பின்தொடர்கிறதா, சக்கரத்தைப் பின்தொடர்கிறதா? கையால் கியர் மாற்றும் கார் என்றால், நேரான சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கிளச்சைச் சில நொடிகள் மிதியுங்கள். என்ஜினின் சுழற்சி இறங்கிவிடும். ஆனால் சக்கரங்கள் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போதும் ரீங்காரம் மாறாமல் தொடர்ந்தால், பழுது பெரும்பாலும் சக்கரம் அல்லது டயர் பக்கம் உள்ளது. ரீங்காரம் மறைந்தால், அது என்ஜினிலோ கியர்ப் பெட்டியிலோ பிறக்கிறது. பிறகு காரை நிறுத்தி, கியரில் போடாமல் என்ஜினை மட்டும் அதே சுழற்சிக்கு முடுக்கிப் பாருங்கள். அப்போது அந்த ஓசை வந்தால் அது என்ஜினைச் சேர்ந்தது; வராவிட்டால் கியர்ப் பெட்டியைச் சோதிக்கவேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காரில், ஓசை என்ஜினைச் சேர்ந்ததா என்று அறிய, நிறுத்திவைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை மட்டும் செய்யுங்கள். ஓடும் காரில் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திப் பார்க்கும் வேலை மட்டும் எந்தக் காரிலும் வேண்டவே வேண்டாம். பிரேக் கடினமாகிவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவது கேள்வி: எண்ணெய் மிதியை அழுத்தும்போது ஒருவிதமாகவும், காலை எடுத்தவுடன் வேறுவிதமாகவும் கேட்கிறதா? அப்படியானால் பல்சக்கரங்களைக் கவனிக்கவேண்டும். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள். அவற்றில் இந்தப் பல்சக்கரங்கள் யாவும் முன்புறத்திலேயே உள்ளன. பழைய டட்சன் 120-ஒய் போன்ற, பின் சக்கரங்களால் உந்தப்படும் கார்களில், பின் அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கும். அதில் எண்ணெய் குறைந்தால் ஊளையிடுவது போன்ற ஓசை எழும். வெள்ள நீரில் இறங்கி வந்த வண்டியானால் இந்த எண்ணெயைப் பார்த்தே தீரவேண்டும். எண்ணெய் ரப்பர்ப் பால் போல வெளுத்திருந்தால், அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

நான்காவது கேள்விதான் மிக முக்கியமானது: சாலை வளையும்போது ஓசை கூடுகிறதா, குறைகிறதா? கார் வலப்புறம் வளையும்போது அதன் பாரம் இடப்புறச் சக்கரங்கள் மீது சாய்கிறது. அப்போது ஓசை உரத்து, இடப்புறம் வளையும்போது தணிந்தால், பெரும்பாலும் இடப்புறச் சக்கரம் ஒன்றின் பேரிங் கெட்டிருக்கிறது. வலப்புறச் சக்கரத்தில் பழுது என்றால் இதற்கு நேர்மாறாக இருக்கும். இதைச் சோதிக்கக் காரை வேண்டுமென்றே இங்குமங்கும் வளைத்து ஓட்டவேண்டாம். சாலையில் இயல்பாக வரும் வளைவுகளே போதும்.

பேரிங் என்பது என்ன? இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் ஓர் அமைப்பு. சக்கரம் குறைந்த உராய்வுடன் சுற்றுவதற்காக அதற்குள் கிரீஸ் அடைத்திருப்பார்கள். நீரும் சேறும் உள்ளே புகாதபடி ரப்பர் மூடி ஒன்று காக்கிறது. தோட்டத்துச் சாலையின் குழிகளில் சக்கரம் இடிபடுவதும், ஐவர் செல்லவேண்டிய காரில் எண்மர் ஏறுவதும், வெள்ளத்தில் வண்டி இறங்குவதும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். மூடி கெட்டு நீர் புகுந்தால் கிரீஸ் கெடும். வளையத்தில் துரு ஏறிச் சிறு சிறு குழிகள் விழும். குண்டு அந்தக் குழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எழும் தட்டல்தான் நமது ரீங்காரம்.

கெட்ட பேரிங் பொதுவாக ஒரே நாளில் உடைந்துவிடுவதில்லை; பல நாட்கள் முனகி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கேளாமல் ஓட்டினால், சூடேறி, ஆட்டம் கண்டு, முடிவில் சக்கரம் இறுகிப்போகவோ கழன்றுபோகவோ கூடும். குடும்பத்தோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. முளையிலே கிள்ளாததை முற்றிய பிறகு கோடரி கொண்டுதான் வெட்டவேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதரையில் காரை நிறுத்துங்கள். முன் சக்கரத்தைச் சோதிப்பதானால் கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியால் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, கியரை விடுவித்து, டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தால் பேரிங் கெட்டது என்று கொள்ளலாம். ஆட்டம் இல்லாமலேயே ரீங்கரிக்கும் பேரிங்கும் உண்டு. ஆகவே இதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக்கூடாது. பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.

டயரைச் சோதிப்பது இன்னும் எளிது. கார் நின்றிருக்கும்போது டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். கம்பி வெளியே தெரிந்தால் தடவவே வேண்டாம். அந்த டயர் உடனே மாற்றவேண்டியது. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் உணர்ந்தால், அல்லது மேடும் பள்ளமுமாக இருந்தால், அந்தத் தேய்மானமே ஓசைக்குக் காரணமாகலாம். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓசையும் இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். புதிய டயர் வாங்குமுன் இந்தச் சிறு வேலையைச் செய்தால், வீண் செலவு மிச்சமாகும்.

ஆனால் டயரை மாற்றினால் மட்டும் போதாது. டயர் ஏன் கோணலாகத் தேய்ந்தது? அதிர்வு தாங்கி தளர்ந்திருக்கலாம்; சக்கரங்களின் நேர்கோடு விலகியிருக்கலாம்; காற்றழுத்தம் தவறாக இருக்கலாம். அவற்றைச் சரி செய்யாவிட்டால் புதிய டயரும் சில மாதங்களில் அதே பாட்டைப் பாடும். பழைய டயர் வாங்குவோர் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

பட்டறைக்குப் போகும்போது "சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கம் கேட்கிறது, வளைவில் என்ன ஆகிறது, கிளச்சை மிதித்தால் என்ன ஆகிறது என்று குறித்து வைத்த தாளைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதை விரும்பி வாங்கிப் பார்ப்பார். ஒரு பேரிங் கெட்டதற்காக நான்கையும் மாற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக் கையில் சுழற்றிப் பாருங்கள். அதன் கரகரப்பை உங்கள் விரலே உணரும். சக்கரம் கழற்றி மாட்டப்பட்ட பிறகு, 100 கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும்.

எதைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ளிப் போடக்கூடாது? கதவு ரப்பர் வழியே காற்று சீறும் ஓசை என்றால் சம்பள நாள் வரை காத்திருக்கலாம். கரடுமுரடாகத் தேய்ந்த, ஆனால் ஆழமான பள்ளங்கள் இன்னும் மிச்சமுள்ள டயரும் சிறிது காலம் பொறுக்கும். சக்கரத்தில் ஆட்டம், டயரின் பக்கவாட்டில் வீக்கம், கருகும் வாடை ஆகியவை ஒரு நாளும் காத்திருக்கமாட்டா. நெடுஞ்சாலையில் ரீங்காரம் திடீரென அரைக்கும் ஓசையாக மாறி, ஸ்டியரிங்கும் அதிர்ந்தால், மெல்ல வேகத்தைக் குறைத்து அவசரத் தடத்தில் நிறுத்துங்கள். எல்லாரையும் சாலையை ஒட்டாத பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் செய்து, உதவிக்கு அழையுங்கள். "வீடு வரை போய்விடலாம்" என்ற எண்ணம் அந்த வேளையில் வேண்டாம்.

நேயர்களே, தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ நெடுந்தூரம் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒருநாள் வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உங்கள் கார் என்ன சொல்கிறது என்று குடும்பத்தோடு கேளுங்கள். பழுது தெரிந்தால் அதைச் சீர்செய்யப் பணம் திரட்டவும் பட்டறையில் நாள் குறிக்கவும் அந்த இரண்டு வாரம் உதவும்.