அப்பாவோட ஒன்றரை ஜிபியும் என்னோட ஸ்கிரிப்ட்டும்

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது. லேப்டாப்ல சேவ் ஆகியிருக்கிற வைஃபை நெட்வொர்க்குகளுக்கு நடுவுல மாறுறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தமா முப்பது வரி வரும். அதை எப்படி எழுதினேன்னு சொல்றேன். ஆனா ஏன் எழுதினேன்னு சொல்லணும்னா, முதல்ல எங்க அப்பாவோட கடைக்குப் போகணும்.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கார். பம்ப்செட் ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், காயில், ஃபியூஸ், வயர், இதெல்லாம். விவசாயம் பண்றவங்க கிணத்துல மோட்டார் ஓடலன்னா, எரிஞ்சு போன பார்ட்டைக் கழட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. "அண்ணாச்சி, இது இருக்கா?" அப்பா போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு, "இருக்கு, வாங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுவார். கடையில பாதி யாவாரம் இப்ப இப்படித்தான் நடக்குது. கடையில வைஃபை கிடையாது. போன்ல ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக். அவருக்கு அது தாராளம்.

வீட்டுக்கு மட்டும் நான் ஃபைபர் கனெக்ஷன் போட்டுக் கொடுத்திருக்கேன். மாசத்துல ஒரு வாரம் ஊர்ல இருந்து வேலை பார்ப்பேன், அதுக்காக.

அப்படி ஒரு வாரத்துல, ஒரு நாள் காலையில எட்டு மணிக்கு கரண்ட் போச்சு. ரவுட்டர் செத்துருச்சு. எனக்கு அவசரமா ஒரு மெயில் அனுப்பணும். "அப்பா, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க"ன்னேன். போட்டார். மெயில் போயிருச்சு. அரை மணி நேரத்துல கரண்ட் வந்துச்சு, ரவுட்டர்ல பச்சை லைட் எரிஞ்சது. இனிமே லேப்டாப் தானா வீட்டு வைஃபைக்குப் போயிரும்னு நினைச்சுட்டு நான் குளிக்கப் போயிட்டேன்.

என் லேப்டாப்ல நானே எழுதின இன்னொரு ஸ்கிரிப்ட் இருக்கு. தினமும் காலையில ஒன்பது மணிக்கு, இந்த பாட்காஸ்ட்டோட ரெக்கார்டிங் ஃபோல்டரை கிளவுடுக்கு ஏத்தும். பேக்கப். நான் ரெக்கார்ட் பண்றது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ. கணக்குப் போட்டா ஒரு நிமிஷத்துக்கு 8.64 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 518 எம்பி. ரெண்டு பேர் பேசினா ரெண்டு டிராக், அப்ப 1 ஜிபியைத் தாண்டிரும். முந்தின நாள் ராத்திரி சரியா அப்படி ஒரு ரெக்கார்டிங் பண்ணியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடுச்சு. ஒன்பதே முக்காலுக்கு அப்பா போனை எடுத்துக்கிட்டு கடைக்குக் கிளம்பினார். ஹாட்ஸ்பாட் அறுந்துச்சு, லேப்டாப் சத்தமில்லாம வீட்டு வைஃபைக்கு மாறிக்கிச்சு. எனக்கு எதுவுமே தெரியாது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். "இன்னைக்கு நெட்டு ஒரேயடியா படுத்துருச்சுய்யா. ஒரு ஆளு ஸ்டார்ட்டர் காயில் போட்டோ அனுப்பியிருக்காரு, அது சுத்திக்கிட்டே கெடக்கு. நான் பதில் போடுறதுக்குள்ள அவரு வேற கடையில வாங்கிட்டாரு. டவர்ல ஏதோ கோளாறு போல."

நானும் "அப்படித்தான் இருக்கும்ப்பா"ன்னுட்டு அடுத்த தோசையை எடுத்தேன்.

படுத்ததுக்கு அப்புறம்தான் மனசுல உறுத்துச்சு. அப்பா போனை எடுத்து டேட்டா யூசேஜ் பார்த்தேன். ஹாட்ஸ்பாட்னு போட்டு, பக்கத்துல 1.2 ஜிபி. டவர்ல ஒரு கோளாறும் இல்ல. அந்தக் கோளாறு நான்தான்.

அந்த பேக்ல ஒரு நாள் அளவு முடிஞ்சதும் வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிரும். அதாவது ஒரு செகண்டுக்கு 8 கிலோபைட். 200 கேபி போட்டோ ஒண்ணு கணக்குப்படி 25 செகண்ட்ல வரணும். ஆனா போன்ல இருக்கிற மத்த ஆப்புகளும் அதே ஒத்தையடிப் பாதையில முண்டுது. அதனாலதான் அப்பா பார்த்ததெல்லாம் சுத்துற வட்டம் மட்டும்.

சரி, இப்ப மெஷின் பக்கம் வருவோம். லேப்டாப் ஏன் வீட்டு வைஃபைக்கு மாறல?

நீங்க ஒரு நெட்வொர்க்ல பாஸ்வேர்டு போட்டுச் சேர்ந்ததும் லேப்டாப் அதை ஒரு ப்ரொஃபைலா சேமிக்குது. அதுல நெட்வொர்க் பேரு, பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு இருக்கும். தானா சேரணுமா வேண்டாமா, எவ்வளவு முன்னுரிமை, ஐபி முகவரி தானா வாங்கணுமா, எந்த டிஎன்எஸ், இதுவும் இருக்கும். இன்னொண்ணு மீட்டர்டுன்னு ஒரு குறிப்பு. இது அளவு பார்த்துச் செலவு பண்ற கனெக்ஷன்னு அர்த்தம். அதைப் பார்த்துட்டு, பொறுப்பான சில புரோகிராம்கள் பெரிய டவுன்லோடைத் தள்ளிப் போடும். நான் எழுதின பேக்கப் ஸ்கிரிப்ட் அந்தப் பொறுப்பான கூட்டத்துல இல்ல. அது நெட் இருக்கான்னு மட்டும் பார்க்கும். யாரோட நெட்டுன்னு பார்க்காது.

நான் யூஸ் பண்றது உபுண்டு. அதுல வைஃபையைப் பார்த்துக்கிறது நெட்வொர்க்மேனேஜர்னு ஒரு சர்வீஸ். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். மைனஸ் 999ல இருந்து 999 வரைக்கும். பெரிய எண்ணுக்கு முதல் மரியாதை. நீங்க எதுவும் கொடுக்கலன்னா எல்லாமே 0. எண் சமமா இருந்தா, கடைசியா எதுல சேர்ந்தீங்களோ அதுக்கு முதல் இடம்.

இதைப் படிச்சதும், "அவ்வளவுதானே, வீட்டுக்கு 100 கொடுத்துட்டா முடிஞ்சுது"ன்னு நினைச்சேன். கொடுத்தேன். அப்பா போனை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டு, ரவுட்டரை அணைச்சுப் போட்டு டெஸ்ட் பண்ணினேன். லேப்டாப் நகரவே இல்ல. அந்த முன்னுரிமை, புதுசா எதுல சேரலாம்னு தேடும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஒண்ணுல ஏற்கெனவே சேர்ந்து உக்காந்துட்டா, அதைவிட நல்லது பக்கத்துல வந்தாலும் எழுந்து போகாது. பஸ்ல சீட்டு கிடைச்ச மாதிரிதான். ஜன்னல் சீட்டு காலியானாலும் நாமளா எழுந்தாத்தான் உண்டு.

சரி, நாமளே எழுப்பி விடுவோம்னு ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும். வீட்டு வைஃபை கண்ணுல பட்டா உடனே அதுக்குத் தாவும். பெருமையா இருந்துச்சு. மறுநாள் மத்தியானம் மறுபடி கரண்ட் கட். இந்தத் தடவை என் சொந்தப் போன்ல இருந்து நெட் எடுத்து ஆபீஸ் கால்ல பேசிட்டு இருந்தேன். கரண்ட் வந்துச்சு. ஸ்கிரிப்ட் தாவுச்சு. நெட்வொர்க் மாறினா ஐபி முகவரி மாறும். அது மாறினா நடந்துட்டு இருக்கிற கனெக்ஷன் எல்லாம் அறுந்துரும். நான் முக்கியமான ஒரு விஷயத்தை விளக்கிட்டு இருந்தேன். திரும்பச் சேரும்போது மீட்டிங் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்துச்சு.

அப்பதான் புரிஞ்சுது. எப்ப மாறணும்கிற முடிவை மெஷின்கிட்ட விட முடியாது. மாத்துற வேலையை மட்டும்தான் விடலாம்.

இப்ப நான் வச்சிருக்கிற முறையைச் சொல்றேன். கமாண்டெல்லாம் என்எம்சிஎல்ஐங்கிற டூல்ல வரும். உபுண்டுல ஏற்கெனவே இருக்கும், தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

முதல் வேலை, "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ". சேவ் ஆன எல்லா ப்ரொஃபைலும் வரிசையா வரும். என் லேப்டாப்ல நாற்பதுக்கு மேல இருந்துச்சு. என்னைக்கோ தங்கின லாட்ஜ், ரெண்டு ஆபீஸ் முன்னாடி இருந்த பிஜி, ரயில்வே ஸ்டேஷன், ஒரு கல்யாண மண்டபம். பாஸ்வேர்டு இல்லாத ஓப்பன் நெட்வொர்க்கை எல்லாம் முதல்ல டெலீட் பண்ணுங்க. லேப்டாப் பேரைப் பார்த்துத்தான் சேருது. அதே பேர்ல வேற யாராவது ஒரு ஹாட்ஸ்பாட் போட்டு வச்சா, பழைய சிநேகிதன்னு நினைச்சு அதுலயும் போய்ச் சேர்ந்துரும்.

ரெண்டாவது, அப்பா போன் ப்ரொஃபைல். "கனெக்ஷன் மாடிஃபை" கமாண்ட்ல மூணு மாத்தம் பண்ணினேன். தானா சேருறதை நோ ஆக்கினேன். மீட்டர்டை யெஸ் ஆக்கினேன். மூணாவதா பேரையே மாத்தினேன். ப்ரொஃபைலுக்கு நாம வைக்கிற பேரும், வைஃபை வெளியில காட்டுற பேரும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. முன்னாடி அது போன் மாடலோட பேர்ல இருந்துச்சு. இப்ப அதுக்குப் பேரு "அப்பாகாசு".

மூணாவது, மாறுற ஸ்கிரிப்ட். டெர்மினல்ல "மாறு வீடு", "மாறு ஆபீஸ்"னு அடிப்பேன். உள்ள நடக்கிறது இதுதான். இப்ப எதுல இருக்கோம்னு பேரைக் குறிச்சு வச்சுக்கும். பக்கத்துல என்னென்ன வைஃபை இருக்குன்னு ஒரு தடவை புதுசா தேடும். அப்புறம் "கனெக்ஷன் அப் வீடு". பதினஞ்சு செகண்ட் காத்திருக்கும். சேர முடியலன்னா அந்தக் கமாண்ட் 0 இல்லாத ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அதைப் பார்த்துட்டு, "முடியல, பழையதுக்கே போறேன்"னு சொல்லி, குறிச்சு வச்ச பேருக்குத் திரும்பிப் போகும். இந்தத் திரும்பிப் போற பகுதியை விட்டுறாதீங்க. அது இல்லன்னா பாதி வழியில நெட்டே இல்லாம நிப்பீங்க.

"மாறு அப்பாகாசு"ன்னு அடிச்சா மட்டும் ஒரு கேள்வி கேட்கும். "எத்தனை நிமிஷம்?" பத்துன்னு சொன்னா, பத்து நிமிஷம் கழிச்சு அந்தக் கனெக்ஷனைத் தானே துண்டிச்சுரும். சீட்டு காலியானதும், முன்னுரிமை 100 இருக்கிற வீட்டு வைஃபை இருந்தா அதுல போய்ச் சேர்ந்துக்கும்.

நாலாவது, பேக்கப் ஸ்கிரிப்ட். அதுல முதல் வரியா ஒரு சோதனை சேர்த்தேன். இப்ப சேர்ந்திருக்கிற ப்ரொஃபைல் பேரு "வீடு"ன்னு இருந்தா மட்டும் ஓடு. முதல்ல "அப்பாகாசுன்னு இருந்தா ஓடாதே"ன்னுதான் எழுதினேன். நாளைக்கு அத்தை போன்ல சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சதும் அழிச்சுட்டேன். எங்கெல்லாம் கூடாதுன்னு பட்டியல் போட்டா அது முடியவே முடியாது. எங்கே ஓடலாம்னு ஒரே ஒரு பேரைச் சொன்னாப் போதும்.

விண்டோஸ்ல இருக்கிறவங்களுக்கு இதே வேலைக்கு "நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன்" கமாண்டுகள் இருக்கு. ஷோ ப்ரொஃபைல்ஸ், கனெக்ட், செட் ப்ரொஃபைல்பாராமீட்டர். கடைசி கமாண்ட்ல காஸ்ட்டை ஃபிக்ஸ்டுன்னு வச்சா மீட்டர்டு ஆயிரும். மேக்ல "நெட்வொர்க்செட்டப்". ஒரே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ்ல ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணும்போது கீ ஈக்வல்ஸ் கிளியர்னு போட்டா, பாஸ்வேர்டு அப்படியே எல்லாரும் படிக்கிற மாதிரி ஃபைல்ல வந்து உக்காரும். அந்த ஃபைலை கிட்ல ஏத்தி வைக்காதீங்க. ஸ்கிரிப்ட்ல ப்ரொஃபைல் பேரு மட்டும் இருந்தாப் போதும், பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம்.

கடைசியா, அப்பாகிட்ட சொன்னேனான்னு கேட்பீங்க. ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதி முடிக்கிற வரைக்கும் சொல்லல. சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்குத்தான், கடையில உக்காந்து, "அன்னைக்கு டவர் கோளாறு இல்லப்பா, என் லேப்டாப்தான் உங்க டேட்டாவைத் தின்னுருச்சு"ன்னேன்.

அப்பா கவுண்ட்டர்ல ஏதோ ஒரு காயிலைத் துணியால துடைச்சுக்கிட்டே, "அதுக்கென்னய்யா. அடுத்த தடவை வேணும்னா முன்னாடியே சொல்லு, எக்ஸ்ட்ரா டேட்டா போட்டு வைக்கிறேன்"ன்னார்.

திட்டியிருந்தா பரவாயில்லன்னு தோணுச்சு.

இதைக் கேட்டு முடிச்சதும் உங்க லேப்டாப்ல அந்த முதல் கமாண்டை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. வர்ற பட்டியல்ல எது எது யாரோட காசுன்னு பாருங்க. அம்மா போன், ரூம்மேட் போன், தம்பி போன் எல்லாம் அதுல இருக்கும். அதுக்கு மட்டும் தானா சேருறதை நோ ஆக்கிட்டு வாங்க. ஸ்கிரிப்ட் அப்புறம் எழுதிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.