புதுச்சேரியில் குடில் கட்டும் மாதம்

புதுச்சேரியின் டிசம்பரைக் குளிர்காலம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். விடியற்காலையில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பனியைவிடப் புயலுக்குத்தான் இந்த ஊர் பயப்படும்: 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். உறைபனிக்கு நடுவே ஜெர்மனியிலும் பிரான்சிலும் உருக்கொண்ட ஒரு கிறிஸ்துமஸ் விழாக்காலம் இப்படிப்பட்ட கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேரோடியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன மிச்சம்தானே என்று பலர் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிகூடச் சரியில்லை. கடல் கடந்து வந்த வழக்கங்களில் எது இந்த ஊரின் வீட்டு வேலையாக மாறியதோ அது நிலைத்தது. மாறாதது அலங்காரமாகவே நின்றுவிட்டது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மிஷன் வீதிக்கு வாருங்கள். 1791-இல் கட்டி முடித்த ஜென்மராக்கினி மாதா பேராலயம் இங்கேதான் இருக்கிறது. ஊரார் வாயில் அது சம்பா கோயில். டிசம்பர் பிறந்ததும் சுற்றுத் தெருக்களில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் ஏறிவிடும், உள்ளே குடில் வேலை தொடங்கிவிடும். வைக்கோல் கூரை, மலைபோலக் கசக்கி வைத்த காகிதம், களிமண் மாடு, ஆடு, இடையர்கள். ஆனால் பார்க்க வேண்டியது குடிலின் முன்னால் இருக்கும் புல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகையோ கம்பையோ நெல்லையோ தூவிவிடுவார்கள். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் பொறுப்பு. அதிகம் ஊற்றினால் அழுகிவிடும், மறந்தால் காய்ந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு விரல் நீளம் வளர்ந்து நிற்க வேண்டும். தெற்குப் பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று, தட்டில் கோதுமையை முளைக்க வைத்துக் குடிலருகே வைக்கிறார்கள். ஜெர்மனியில் அதே நாளில் செர்ரிக் கிளையை வெட்டி நீரில் வைத்து, கிறிஸ்துமஸ் அன்று பூக்கக் காத்திருக்கிறார்கள். அப்படியானால் இது பாதிரியார்கள் கொண்டுவந்த பழக்கம்தானே என்று கேட்கலாம். விதையை யார் கொண்டுவந்தாலும் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற ஊரில், கல்யாணப் பந்தலில் பாலிகை தெளிக்கிற ஊரில், அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கைக்குப் பழகிய வேலை என்பதால்தான் அது தங்கியது.

எதிர் உதாரணத்துக்குக் கிறிஸ்துமஸ் மரத்தைப் பாருங்கள். அல்சாஸின் செலெஸ்தா நகரக் கணக்கேட்டில் 1521-லேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1837-இல் ஜெர்மானிய இளவரசி ஒருத்தி பாரிஸ் அரண்மனையில் அதை நட்டு வைத்த பிறகே பிரான்சில் அதற்கு மவுசு வந்தது. இங்கே வந்தபோது ஊசியிலை மரம் கிடைக்காமல் சவுக்குக் கிளையாயிற்று, இப்போது பிளாஸ்டிக். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக வீட்டில் யாரும் பத்து நாள் உழைப்பதில்லை. ஹாம்பர்கில் 1839-இல் விகெர்ன் என்ற இறையியலாளர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றிக் காட்டினார். அந்தத் திருவருகைக்கால வளையம் இங்கே பெரும்பாலும் பீடத்தருகோடு நின்றுவிட்டது. அதில் வியப்பில்லை. டிசம்பர் 25 என்பது மார்கழி ஒன்பதோ பத்தோ. நாள்தோறும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருக்க இந்த மண்ணுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் இருந்தது. அதனால்தான் கிறிஸ்தவ வீட்டு வாசலிலும் கலர்ப்பொடியில் நட்சத்திரக் கோலம்.

பிரெஞ்சு மிச்சம் என்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய போப்பாண்டவரின் தூதர் தூர்னோன், மறு ஆண்டு இங்கிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது, பிள்ளையார் உருவம் பதித்த தாலி என்று தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல பழக்கங்களுக்கு அதில் தடை. 1744-இல் ரோம் அதை உறுதிப்படுத்தியது. பிள்ளையார் போனார், தாலி போகவில்லை. சிலுவையோடு கழுத்திலேயே நின்றுவிட்டது. மேலிடம் ஒன்று நினைக்க, வீடு வேறொன்றைச் செய்தது. அப்படி ஒட்டிக்கொண்டது நல்லது மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய கோயிலுக்குள் சாதி பார்த்து எழுப்பியிருந்த சுவரும் அது 1745-இல் இடிபட்டதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கின்றன. வீட்டு வழக்கம் என்றால் புனிதம் என்று மயங்க வேண்டாம்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர்தான். மற்றதெல்லாம் சுற்றுலா வியாபாரம் என்கிறார்கள். டிசம்பர் 31 இரவைப் பற்றி அது உண்மை. கடற்கரைச் சாலையில் சென்னை, பெங்களூரு வண்டிகள் நெருக்க, ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் இரவு அது. 24-ஆம் தேதியின் கதை வேறு. ஜெர்மானியக் குடும்பங்கள் அன்று மாலை வீட்டோடு இருந்து பரிசு பிரிக்கும். இங்கே நள்ளிரவுத் திருப்பலிக்குப் புதுத்துணியோடு கிளம்பிப் போய், திரும்பி வந்துதான் சாப்பாடு. விடிந்ததும் அதிரசம், முறுக்கோடு கேக்கும் வைத்த தட்டுகள் பக்கத்து வீடுகளுக்குப் போகும். அந்தக் கேக்கும் இந்த ஊருக்கே உரியது: மைதாவுக்குப் பதில் ரவை, தாராளமாக வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை. தீபாவளிக்கு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்கிற கணக்கு இதில் தொடர்கிறது. அந்தக் கணக்கில் நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமா இருக்கிறார்கள்?

ஆகவே புதுச்சேரிக்குப் போகிறவர்கள் புத்தாண்டுக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் முன்னதாகப் போங்கள். துமாஸ் வீதியில் 1855-இல் எழுந்த சம்மனசுகளின் ராக்கினி கோயில், தெற்கு புல்வாரில் கண்ணாடி ஓவியங்களுக்குப் பெயர்போன இருதய ஆண்டவர் பசிலிக்கா, மிஷன் வீதிப் பேராலயம் மூன்றையும் ஒரே மாலையில் நடந்தே பார்த்துவிடலாம். குடை மறக்க வேண்டாம். 24-ஆம் தேதிக்கு முடியாதவர்களுக்கும் வாய்ப்பு உண்டு: குடில்களை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் பெருநாள் வரை பிரிக்க மாட்டார்கள்.