கேசரிக்கு எதுக்குங்க அந்தக் கலரு?

 

எனக்கு முன்னால் பேசின தம்பி, பிள்ளைகளுக்குக் கவனம் சிதற செல்போன் ஒண்ணுதான் காரணம், வேறெதுவும் இல்லைன்னு மேசையைத் தட்டிப் பேசினாருங்க. நல்லாத்தான் பேசினாரு, நானும் கை தட்டினேன். ஆனா இடைவேளையில் தன்னோட பையனுக்கு ஒரு பாக்கெட் பிரிச்சுக் கொடுத்தாரு பாருங்க, அந்தப் பையன் நாக்கு இப்ப நல்ல நீலமா இருக்குது. (சிரிப்பு)

செல்போன் கெடுதல் இல்லைன்னு நான் சொல்லலை. தட்டையும் கொஞ்சம் பாருங்கன்னுதான் சொல்றேன்.

என்ற பேரனுக்கு எட்டு வயசு. ஒரு கணக்கு போட ஆரம்பிச்சா பாதியில் எழுந்து போயிருவான். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் நாலு தடவை கூப்பிட்டு விட்டாங்க. அஞ்சாவது தடவை, "டி.சி. வாங்கிக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஒறம்பரை எல்லாம் என்ன சொல்வாங்க? "வளர்ப்பு சரியில்லை." என் மருமக அடுப்படியில் நின்னு அழுவா. அந்தப் பிஞ்சு வாங்கின அடியும் கொஞ்சநஞ்சமில்லைங்க.

குழந்தை டாக்டர்கிட்ட கொண்டு போனோம். அவர் சொன்னாரு, "இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. மூளை வேலை செய்யற விதத்தில் இருக்கிற ஒரு வித்தியாசம். பெரும்பாலும் பரம்பரையா வர்றது. உங்க வளர்ப்பால் வந்ததில்லை." அந்த ஒரு வார்த்தைக்கே என் மருமக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டா. பயிற்சி எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு, "கலர் போட்ட பண்டத்தை நிறுத்திப் பாருங்க. ஆனா அது மட்டுமே வைத்தியம்னு நினைச்சுக்காதீங்க"ன்னாரு.

இது புதுசா கிளம்பின பேச்சு இல்லைங்க. அமெரிக்காவில் பென் ஃபெயின்கோல்டுன்னு ஒரு அலர்ஜி டாக்டர் 1970-களிலேயே சொன்னாரு. அவர் சொன்ன அளவுக்குப் பெரிய பலன் பின்னால் வந்த சோதனைகளில் தெரியலை, அதனால் பல பேர் ஒதுக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் கிட்டத்தட்ட 300 குழந்தைகளை வெச்சுப் பார்த்தாங்க. மூணு வயசுப் பிள்ளைகள் பாதி, எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைகள் பாதி. நோய் இருக்கிற பிள்ளைகள்னு பொறுக்கி எடுக்கலைங்க, சாதாரணப் பிள்ளைகள்தான். சில வாரம் கலரும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பழரசம், சில வாரம் ஒண்ணும் கலக்காத பழரசம். ரெண்டும் பார்வைக்கும் ருசிக்கும் ஒண்ணுதான். எந்த வாரம் எதுன்னு குழந்தைக்கும் தெரியாது, பெத்தவளுக்கும் தெரியாது. கலர் கலந்த வாரங்களில் சராசரியா துறுதுறுப்பு கொஞ்சம் கூடுதுன்னு 2007-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினாங்க. கொஞ்சம்தானுங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியும் இல்லை. ஆனா 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் அந்த ஆறு கலரில் எதைப் போட்டாலும், "இது குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம்"னு பாக்கெட்டில் அச்சடிக்கணும்னு சட்டம் வந்திருச்சு. அந்த ஆறில் டார்ட்ரசைன், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், இந்த நாலும் நம்ம நாட்டில் அனுமதி பெற்ற கலர்கள். பாக்கெட் பின்னாடி 102, 110, 122, 124னு நம்பராப் போட்டிருப்பான். நம்ம கண்ணுக்கு அது பஸ் நம்பர் மாதிரி போயிரும். (சிரிப்பு)

நாங்க கொங்கு நாட்டுக்காரங்க. சாயத்தைப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமுங்க. நொய்யலில் சாயத்தண்ணி ஓடி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி வேண்டவே வேண்டாம்னு விவசாயிகளே சொல்ற நிலைமை வந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. ஆத்துல கலந்த சாயத்துக்குக் கோர்ட்டுக்குப் போனோம். தட்டில் கலந்ததைக் குழந்தைக்கு ஊட்டி விடறோம். (கைதட்டல்)

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைப் பரிசோதனை பண்ணிப் பார்த்து, ரோடமின்-பி இருக்குன்னு முதலில் புதுச்சேரியிலும் அப்புறம் தமிழ்நாட்டிலும் தடை போட்டாங்க. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடற சாயம், சாப்பாட்டில் சேர்க்கவே கூடாதது. நான் பேசறது அதைப் பத்தி இல்லைங்க. அனுமதி பெற்ற கலரைப் பத்தித்தான் பேசறேன். "அரசாங்கமே அனுமதிச்சிருக்கே"ன்னு எதிரணி அம்மா கேப்பாங்க. அனுமதி இருக்குது, அதுக்கு ஒரு அளவும் இருக்குது. பொதுவா ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம். கேசரிப் பவுடரை விரல் நுனியில் அள்ளிப் போடற கையில் மில்லிகிராம் தராசு இருக்குதுங்களா? சாயங்காலம் எங்க ஊர் ரோட்டோரத்தில் தள்ளுவண்டிக் காளான் சுடச்சுடக் கொடுப்பாங்க, நாலு தெருவுக்கு வாசம் வரும். அந்தச் செவப்பு அத்தனையும் மிளகாய்ச் செவப்புன்னு நினைக்கறீங்களா?

உப்புப் போட்டா ருசி. பதப்படுத்தற மருந்து போட்டா நாள் தாங்கும்னாவது சொல்லலாம். கலரால் ருசியும் இல்லை, சத்தும் இல்லை, வயிறும் ரொம்பாது. கெடுதல் கொஞ்சமாவே இருக்கட்டும், லாபம் என்னங்க?

நாங்க ஆறு வாரம் நிறுத்தினோம். மிட்டாய், கலர் சோடா, மஞ்சக் கேக்கு எல்லாம் நின்னது. அதுக்குப் பதிலா கச்சாயம், ஒப்புட்டு, கடலை மிட்டாய், கம்மங்கூழ். இனிப்பை நிறுத்தலைங்க. சர்க்கரையால் பிள்ளை ஆடறதுன்னு ஊரே சொல்லும், ஆனா 1994-ல் அமெரிக்காவில் அதையும் சோதிச்சுப் பார்த்து அப்படி இல்லைன்னு எழுதியிருக்காங்க. டியூஷன் அக்காகிட்ட மட்டும் நாங்க கலரைப் பத்தி வாயே திறக்கலை. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயுமில்லீங்களா? அஞ்சாவது வாரம் அந்தப் பிள்ளையே வந்து, "பாட்டி, முன்னெல்லாம் பத்து நிமிஷம், இப்ப இருபது நிமிஷம் உட்கார்றான்"னுச்சு. பயிற்சியால் வந்ததா, கலரை விட்டதால் வந்ததா? அந்த இருபது நிமிஷத்தை ரெண்டுக்கும் எப்படிப் பங்கு போடறதுன்னு டாக்டரே சிரிச்சாரு. பயிற்சி இன்னைக்கும் நடக்குதுங்க, அதை விடலை. எந்தத் தாயும் இதைக் கேட்டுட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திப் போடாதீங்க. இந்தத் தொந்தரவு உள்ள பிள்ளைகளில் நூத்துக்கு எட்டுப் பேருக்குத்தான் கலரோட சம்பந்தம் இருக்கலாம்னு 2012-ல் ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க. அந்த எட்டில் நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கானான்னு பார்க்க அஞ்சு பைசா செலவில்லை.

போன மாசம் எங்க வீட்டில் ஒரு காதுகுத்து. மண்டபத்துச் சமையல்காரர்கிட்ட, "அண்ணா, கேசரியில் கலர் வேண்டாமுங்க"ன்னேன். அவர் கரண்டியைக் கீழே வெச்சுட்டாரு. "அம்மா, வெள்ளையா வெச்சா ஒறம்பரை உப்புமான்னு சட்னி கேப்பாங்க!"ன்னாரு. (பலத்த சிரிப்பு) முந்திரியும் நெய்யும் கொஞ்சம் தாராளமா விடுங்கன்னேன். முந்நூறு இலை போட்டோமுங்க. ஒருத்தரும் சட்னி கேட்கலை. ரெண்டாவது தடவை கேசரிதான் கேட்டாங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அய்யா. உட்கார்ந்துக்கறேனுங்க. (கைதட்டல்)