நந்தி மலையடியில் கொடிமுந்திரி



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால், அவர் பெயரைக் கேட்பதற்கு முன்னரே, “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டுவிடுகிறோம். நம்மிற் பலருக்குப் பெயரின் முன்னே ஊரின் முதலெழுத்து நிற்கிறது. ஊரை விட்டு முப்பது ஆண்டுகள் ஆனாலும் அந்த எழுத்து மட்டும் நம்மை விட்டு அகல்வதில்லை. மனிதரைப் போலவே ஊர்ப்பெயரைத் தாங்கும் கனிகளும் உண்டு. சேலத்து மாம்பழம், பண்ருட்டிப் பலா, சிறுமலை வாழை என்று நாம் அடுக்கிக்கொண்டே போகலாம். நாம் வந்து குடியேறிய இந்தப் பெங்களூருக்கும் அப்படி ஒரு கனி உண்டு. ‘பெங்களூர் புளூ’ என்னும் கருநீலத் திராட்சையே அது. அது விளையும் நந்தி மலையடிவாரத்துக்கு ஒருநாள் சென்றுவந்த செய்தியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாம் சென்றதற்கு ஒரு காரணம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிக்கு அருகே, நமக்கும் நம் தமையனாருக்கும் பொதுவாக இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதை மனைகளாகப் பிரித்து விற்க ஒருவர் விலை பேசியிருப்பதாகவும், கடன் மிகுந்துவிட்டதாகவும், நம் கையெழுத்து வேண்டுமென்றும் தமையனார் கடிதம் எழுதியிருந்தார். மைய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பே நம் தொழில். பிறர் எழுதியதை மாற்றி எழுதிப் பழகிய கைக்குத் தன் வீட்டுக் கடிதத்துக்கு மறுமொழி எழுத வரவில்லை. மூன்று வாரம் அது மேசைமேலேயே கிடந்தது. பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திராட்சைப் பந்தலை மீண்டும் கண்ணாலே கண்டால் மனம் தெளியுமென்று, மனைவி மகளுடன் புறப்பட்டோம்.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் தேவனஹள்ளி இருக்கிறது. திப்பு சுல்தான் பிறந்த ஊர். பழைய கோட்டையின் மதில் இன்றும் நிற்கிறது. இவ்வூரின் பெயரைத் தாங்குவதும் ஒரு கனிதான். கன்னடத்தில் அதைச் சக்கோத்த என்பர். நாம் பம்பளிமாசு என்கிறோம். டச்சு மொழியிலும் இதற்குப் பெயர் ‘பொம்பெல்மூஸ்’ என்பதே. தமிழ்ச் சொல் கடல் கடந்ததா, டச்சுச் சொல் கரையேறியதா என்பதில் அறிஞர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை. குழந்தையின் தலையளவு பருத்து, தடித்த தோலுக்குள் செந்நிறச் சுளையைப் பொதிந்து வைத்திருக்கும் தேவனஹள்ளிச் சக்கோத்தவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆனால் கடைத்தெருவில் நாம் தேடியபோது ஒரே ஒரு கடையில் மூன்றே பழங்கள் இருந்தன. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் பெங்களூரின் புதிய விமான நிலையம் இவ்வூருக்கு அருகே திறக்கப்பட்டது. அதன்பின் நிலத்தின் விலை ஏற ஏறத் தோப்புகள் குறைந்தன. வீட்டுக் கொல்லைகளில் ஒன்றிரண்டாக நிற்கும் மரங்களே இன்று பெரும்பாலும் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னார்.

தேவனஹள்ளியைக் கடந்து நந்தி மலையை நோக்கிச் செல்லும்போது சாலையின் இருமருங்கிலும் கல்தூண்கள் வரிசையாகத் தென்படுகின்றன. இப்பகுதியில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. ஆகவே பந்தற்கால்களும் கல்லே. அவற்றின்மேல் கம்பி வலை பின்னிக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து, 1,478 மீட்டர் வரை எழுந்து நிற்கிறது நந்தி மலை. காவிரியோடு கலக்கும் அர்க்காவதியும், நம் கடலூர்க் கரையில் கடலிற் சேரும் தென்பெண்ணையும் இம்மலைத் தொடரில் பிறப்பவையே. நாம் ஊரை விட்டு வந்திருக்கிறோம்; இங்கிருந்து ஆறுகள் நம் நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

பந்தலடியில் குனிந்து நுழைந்ததும் மகள் வியந்து நின்றாள். மேலே பசுங்கூரை, கீழே கைக்கெட்டும் உயரத்தில் கருநீலக் கொத்துகள். ‘கொடிமுந்திரி’ என்னும் பழைய தமிழ்ச் சொல்லை அப்போது அவளுக்குச் சொன்னோம். அலுவலகத்தில் ‘திராட்சை’ என்றே எழுதுகிறோம். அது வடமொழியிலிருந்து வந்தது, கன்னடத்துக்கும் உரியது. கொடியைக் கண்ணாற் கண்டு வைத்த பெயரோ முன்னது.

தோட்டத்துக்கு உரியவர் அறுபதைக் கடந்த முதியவர். நாம் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் தொடங்க, அவர் தமிழிலேயே மறுமொழி சொன்னார். ஒரு பழத்தைப் பறித்துத் தந்தார். தோல் தடிப்பு, வாயிலிட்டுச் சற்றே அழுத்தினால் உள்ளிருக்கும் சதை தனியே நழுவி வருகிறது. விதை உண்டு; இனிப்போடு புளிப்பும், கனத்த மணமும் உண்டு. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி, நம் வெப்பத்தில் உறங்குவதே இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து இருமுறை அறுவடை காண்கிறார்கள். இப்பகுதியில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இவ்வினம் பயிராகிறது. 2013ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தகைய உழவர்களின் கூட்டு முயற்சியால் பெங்களூர் நகரமே பயன்பெற்றது என்பதைப் பலர் அறியார். 1959இல் டாக்டர் மரிகவுடாவின் முயற்சியால் திராட்சை பயிரிடுவோருக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதுவே வளர்ந்து, பிற காய்கனிகளையும் சேர்த்துக்கொண்டு, இன்று தெருமுனைதோறும் நாம் காணும் ‘ஹாப்காம்ஸ்’ ஆயிற்று. அடுத்த முறை அங்கே கீரை வாங்கும்போது அதன் வேர் ஒரு திராட்சைக் கொடி என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வட்டாரத்துத் திராட்சையில் ஒரு பகுதி மதுவாகவும் மாறுகிறது. நந்தியின் மறுபுறம், தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில், 1988ஆம் ஆண்டில் குரோவர் திராட்சைத் தோட்டம் நிறுவப்பட்டது. பிரெஞ்சு நாட்டு இனங்களைக் கொணர்ந்து இங்கே வளர்த்தனர். 2007இல் கர்நாடக அரசு திராட்சை மதுவுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. செய்முறை எளிதே. பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயமாக மாற்றுகிறது. தோலோடு நொதிக்கவிட்டால் செந்நிறம். தோலை நீக்கிவிட்டால் வெளிர்நிறம். இதைக் குடிக்கச் சொல்லி நாம் பேசவில்லை. குடியால் குடும்பங்கள் படும் பாட்டை அறியாதவரும் அல்லோம். ஆனால் இது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அன்று கடல்கடந்து வந்த பொருள் இன்று நம் மண்ணிலேயே விளைகிறது.

இதே போன்றதோர் ஊர் ஜப்பானில் இருப்பதைப் படித்திருக்கிறோம். டோக்கியோவுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், யமனாஷி மாநிலத்து மலைகளுக்கிடையே, கட்ஸுநுமா என்ற சிற்றூர். அங்கும் நம்மைப் போலவே திராட்சையைப் பந்தலிற் படர விடுகிறார்கள். ‘கோஷு’ என்னும் இளஞ்சிவப்புத் திராட்சை பல நூற்றாண்டுகளாக அங்கே விளைகிறது. 1877ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பகுதியினர் இளைஞர் இருவரைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பி மதுத்தொழிலைக் கற்றுவரச் செய்தனர். 2005இல் கட்ஸுநுமா அண்டை ஊர்களோடு இணைக்கப்பட்டது. இணைந்த நகருக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? கோஷு! அந்த வட்டாரத்தின் பழம்பெயர் அது. திராட்சையின் பெயரும் அதுவே. ஊர் கனிக்குப் பெயர் தந்தது போய், கனியும் ஊரும் ஒரே பெயரில் வாழ்கின்றன.

இதை அம்முதியவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “பெயர் இருக்கும் சுவாமி, தண்ணீர் வேண்டுமே. ஆயிரம் அடிக்குக் கீழே போயும் இரண்டு கிணறு வறண்டுவிட்டன. ஒரு மழை தப்பிப் பெய்தால் கொத்தெல்லாம் வெடித்துவிடும். என் மகன் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறான். அவன் இதற்குள் வரமாட்டான்” என்றார். அதில் குறை கூறும் தொனி இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதே தேவனஹள்ளி வட்டத்தில், சென்னராயபட்டண ஹோப்ளியைச் சேர்ந்த 13 ஊர்களில், தொழிற்பூங்காவுக்கென 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்த மாநில அரசு முற்பட்டிருந்தது. உழவர்கள் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அறவழியில் போராடினர். 2025ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், அம்முயற்சி கைவிடப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தாமே விரும்பித் தர முன்வருவோர் தரலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆகவே, நிலம் இருப்பதும் போவதும் இப்போது ஒவ்வோர் உழவரின் மனத்திலும் அவர் வீட்டுக் கணக்கிலுமே இருக்கிறது.

இங்கேதான் நம் கடிதம் நமக்கு நினைவுக்கு வந்தது. நம் ஊர்ப் பன்னீர்த் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்குக் கொணரப்பட்டதாகச் சொல்லப்படும் அக்கனி, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீரைப் பருகிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. குறியீடு கிடைத்த செய்தியை நாளிதழில் கண்ட அன்று, அலுவலகத்தில் அனைவருக்கும் நாம் இனிப்பு வழங்கினோம். அதே ஆண்டில் தமையனார் கடன் வாங்கியிருக்கிறார். அதை நாம் கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை.

நேயர்களே, புவிசார் குறியீடு என்பது நல்ல சட்டம். வேறோர் ஊரில் விளைந்த பழத்தை நம் ஊர்ப் பழமென்று விற்பதை அது தடுக்கும். ஆனால் நம் ஊரில் அப்பழம் விளைவது நின்றுபோவதை அதனால் தடுக்க இயலாது. அதைத் தடுக்கக்கூடியவர் பந்தலடியில் நிற்பவர் ஒருவரே. வெளியூரில் மாதச் சம்பளம் வாங்கும் நாம், “பாட்டன் நட்ட கொடி, விற்காதே” என்று எழுதிவிடுவது எளிது. ஊரின் பெருமையை நாம் வைத்துக்கொண்டு, அதன் சுமையை அவர் தோளில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது.

அன்றிரவு வீடு திரும்பியதும் மறுமொழி எழுதினோம். “விற்க வேண்டாமென்று ஆணையிட எமக்கு உரிமையில்லை. ஆனால் விற்காமலிருக்க முடியுமா என்று பார்க்க ஈராண்டு தாருங்கள். கடனிற் பாதி எம்முடையது. எம் பங்கின் விளைச்சலும் உங்களுக்கே. அதன்பின்னும் இயலாவிடில், நீங்கள் சொல்லும் இடத்தில் கையெழுத்திடுவோம்.” இவ்வளவே கடிதம். மாதந்தோறும் பணம் அனுப்புவதற்காக நகருக்குள் வீடு மாற்றும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்தோம். பத்து நாளில் தமையனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. கடனைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கவாத்து என்றைக்கு என்று மட்டும் சொல்லி, விடுப்பு எடுத்து வர முடியுமா என்று கேட்டார்.

உங்களிற் பலர் வீட்டு மேசைமேலும் அத்தகைய கடிதம் ஒன்று இருக்கலாம். நெல்வயலாகவோ, தென்னந்தோப்பாகவோ, பனங்காடாகவோ இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே விடை பொருந்தாது. விற்பதே முறையான இடங்களும் உண்டு. ஆயினும் கையெழுத்திடும் முன் ஒருமுறை, அந்த மண்ணில் நிற்பவரிடம் கணக்கைக் கேளுங்கள். கேட்ட பின், அதில் நம் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பெயருக்கு முன்னே நிற்கும் அந்த ஓர் எழுத்துக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.